கருவி காட்டும் குற்றம்

ஒரு நிரலை இயக்காமலே அதன் வரிகளை ஆராய்ந்து, எவ்வழிச் சென்றால் எங்கே இடறும் என்று சுட்டிக்காட்டும் நிலைப் பகுப்பாய்வு முறை, 1978இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீபன் ஜான்சன் ஸி மொழிக்கென லின்ட் என்னும் கருவியை இயற்றிய நாள்தொட்டு வளர்ந்து, 2006இல் கவரிட்டி நிறுவனம் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ஆதரவோடு திறந்த மூல மென்பொருள்களைச் சோதிக்கத் தொடங்கியபின், அவ்வுலகில் நித்திய அனுஷ்டானமாகவே நிலைபெற்றுவிட்டது. இம்முறையின் பிரயோஜனம், கருவி பேசும்போதும் பேசாதிருக்கும்போதும் மனிதன் எவ்வளவு விவேகத்தோடு நடந்துகொள்கிறான் என்பதைப் பொறுத்தது என்பதே என் அபிப்பிராயம்.

முதலில் அதன் சிறப்பைக் காண்போம். நினைவகம் கிட்டாமற்போவது, கோப்பு திறவாதிருப்பது போன்ற அபூர்வ சந்தர்ப்பங்களுக்கென எழுதிய வரிகளைச் சாதாரணச் சோதனைகள் தொடுவதே அரிது. கருவிக்கோ அத்தகைய பேதம் கிடையாது. ஆப்பிள் நிறுவனம் மூலத்தை வெளியிட்டிருந்த பாதுகாப்பு நிரலொன்றில், 'கோட்டூ ஃபெயில்' என்ற கட்டளை அடுத்தடுத்து இருமுறை இடம்பெற்றிருந்தது. முதலாவது மேலுள்ள நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவதோ எந்நிலையிலும் நிறைவேறுவது. ஆகையால், எதிர்த்தரப்பின் கையொப்பத்தைச் சோதிக்கும் வரி ஒருபோதும் இயங்காமலே, சோதனை வெற்றி என்று விடை வந்தது. 2014 பிப்ரவரியில் அம்பலமான இப்பிழையை, இயங்கவே வழியில்லாத வரிகளைச் சுட்டும் க்ளாங் கம்பைலரின் எச்சரிக்கை எளிதில் காட்டிக்கொடுத்திருக்கும். ஆனால், அவ்வெச்சரிக்கை தனியே கேட்டாலன்றி வராதது.

இனி அதன் எல்லை. நிரலின் நடத்தையைப் பற்றிய சாரமான எக்கேள்விக்கும், எல்லா நிரல்களுக்கும் பொருந்த விடைகூறும் பொதுமுறை இருக்கவியலாது என்று 1953இல் ஹென்றி ரைஸ் நிரூபித்தார். ஆதலின் எக்கருவியும் சில பிழைகளை விட்டுவிடும், அல்லது குற்றமற்ற வரிமேல் பழிசுமத்தும். பெரும்பாலும் இரண்டையுமே செய்யும். அனுப்புபவர் சொன்ன நீளத்தை அப்படியே நம்பி, 64 கிலோபைட் வரை நினைவக இரகசியங்களை வாரிக் கொடுத்த ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளின் ஹார்ட்பிளீட் பிழை, 2012 முதல் 2014 ஏப்ரல் வரை கவரிட்டியின் கண்ணிலும் படவில்லை. வலையிலிருந்து வந்த எண்ணின் பைட்டுகளை இடம்மாற்றி அமைக்கும் இடத்தைக் கண்டால், அவ்வெண் நம்பத்தகாதது எனக் கொள்ளவேண்டும் என்ற விதியைப் பின்னரே அதற்குக் கற்பித்தனர். கருவியின் மௌனத்தை நற்சான்றாகக் கொள்வது தகாது என்பதற்கு இதனினும் வலிய பிரமாணம் வேண்டியதில்லை.

எச்சரிக்கையை ஆணையாகக் கொள்வதும் அதற்குச் சற்றும் குறையாத அபாயம். 2006இல் டெபியன் என்னும் லினக்ஸ் விநியோகத்தில், வால்கிரைண்ட் என்னும் கருவியின் முறையீட்டை அடக்கும்பொருட்டு, ஓப்பன்எஸ்எஸ்எல்லின் தற்செயல் எண் பகுதியில் இன்றியமையாத ஒரு வரியும் சேர்த்து நீக்கப்பட்டது. வால்கிரைண்ட் நிரலை இயக்கிப் பார்க்கும் வகையைச் சேர்ந்ததாயினும், பாடம் ஒன்றே: 2008 மே மாதம் உண்மை வெளிப்படும்வரை, அங்கே உருவான மறையாக்கச் சாவிகள் ஊகித்துவிடக்கூடிய சில பல்லாயிரங்களுக்குள் அடங்கிக் கிடந்தன.

இக்குறைகளைக் காட்டி இம்முறையைத் தள்ளிவிடுவது நியாயமன்று. ஒவ்வோர் எச்சரிக்கையையும் அப்பகுதியின் நோக்கம் அறிந்தவர் சிரத்தையோடு ஆராய்வதும், பொய்யெனத் தெரிந்தால் காரணத்தை அவ்விடத்திலேயே குறித்து வைப்பதும், கருவி அறியாத பிழை கண்டவிடத்து அதற்கேற்ற புதிய விதியை இயற்றுவதும் அவசியம். திறந்த மூல மென்பொருளுக்காக ஊதியமின்றி ஓய்வுநேரத்தில் உழைக்கும் பராமரிப்பாளர்முன் நூற்றுக்கணக்கான முறையீடுகளைக் கொட்டிவிட்டுப் போவது உதவியாகாது; கருவியை இயக்கியவரே அவற்றுள் மெய்யானதைத் தேர்ந்து, பிழை நேரும் விதத்தை விளக்கி, திருத்தத்தோடு வருவாராயின், அதுவே அப்பொதுச் சொத்துக்கு அவர் செய்யும் உண்மைத் தொண்டு.