ரிலே பாயிண்டைக் காக்கும் உபாயங்கள்

1936இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸை நிறுவியபின் நூற்பாலையே பிரதானத் தொழிலாக வளர்ந்த ஊரில், மின்வேலை என்றாலே மோட்டாரும் காண்டாக்டரும் டியூப்லைட்டின் சோக்கும்தான் என்றிருந்த காலத்துக்கு, ரிலேயின் பாயிண்டுகளுக்குக் குறுக்கே ஒரு கெப்பாசிட்டரையும் ரெஸிஸ்டரையும் தொடராகச் சேர்த்துப் பூட்டும் உபாயம் முற்றிலும் பொருத்தமானதே. சுருளில் ஓடும் மின்சாரத்தைத் துண்டிக்கையில் எழும் தீப்பொறியை அது தணிக்கிறது. பாயிண்டின் ஆயுளும் நீள்கிறது. எல்.இ.டி. விளக்குகள் வந்தபின்னும் அதே உபாயத்தை அப்படியே தொடர்வதைத்தான் நான் ஆக்ஷேபிக்கிறேன்.

எல்.இ.டி. டிரைவரின் நுழைவாயிலில் டயோடுகளும் அவற்றின்பின் வெறுமையான கெப்பாசிட்டரும் இருப்பதால், அங்கே ஆபத்து பாயிண்டுகள் சேருகிற வேளையில் நேர்கிறது. 230 வோல்ட் மின்சாரம் தன் உச்சமான 325 வோல்ட்டில் நிற்கும் க்ஷணத்தில் ரிலே மூடினால், வழியிலுள்ள மொத்தத் தடை 2 ஓம் என்று கொண்டாலும் 160 ஆம்பியர் வரை பாயக்கூடும். விளக்கு வழக்கமாக இழுப்பதோ அரை ஆம்பியருக்கும் குறைவு. 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதை நம்பி வாங்கிய ரிலேயில், மூடும்போது சில மில்லிநொடிகள் துள்ளித் துள்ளித் தொடும் பாயிண்டுகளின் வெள்ளி அந்த உஷ்ணத்தில் உருகி ஒட்டிக்கொள்கிறது. மேற்சொன்ன ஜோடியால் இதற்கு யாதொரு பிரயோஜனமும் இல்லை. அதன் வழியே கசியும் மின்சாரத்தால் அணைத்த விளக்கு மங்கலாக எரிவதும் உண்டு. ஒட்டிய பாயிண்டைப் பிரித்து உப்புத்தாளால் தேய்ப்பவர்கள் எஞ்சிய வெள்ளியையும் இழக்கிறார்கள்.

இந்தப் பாய்ச்சலை மட்டுப்படுத்த விளக்கோடு தொடராகச் சேர்க்கும், குளிர்ந்த நிலையில் தடை மிகுந்தும் சூடேறியபின் குறைந்தும் நிற்கும் என்.டி.சி. தெர்மிஸ்டரின் விலை சொற்பம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாக் கடையின் பெயர்ப்பலகை அந்தியில் ஒருமுறை எரிந்து இரவில் அணைவதற்கு இதற்குமேல் வேண்டியதில்லை. ஆனால், மின்வாரியத்தின் மின்சாரம் நின்று சில நொடிகளில் ஜெனரேட்டர் ஏற்கும் ஆலையில், இன்னும் ஆறாத தெர்மிஸ்டர், காவல் மிகவும் தேவைப்படும் அந்தத் தருணத்திலேயே காவலற்றுப் போகிறது.

மின்னழுத்தம் பூஜ்யத்தைக் கடக்கும் க்ஷணத்தில் மூடுவது சாஸ்திரீயமான வழி. 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டருக்கும் பிரவாகம் ஏறத்தாழ 10 ஆம்பியரோடு அடங்கிவிடும். எனினும் அரைச்சுற்றுக்கு 10 மில்லிநொடியே உள்ள 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், ரிலேயின் அசைவுநேரம் சூட்டாலும் வயதாலும் சில மில்லிநொடி மாறினாலே குறி தவறுகிறது.

ஆகவே, ஒரே ரிலேயில் பல விளக்குகளைச் சேர்க்கும் ஆலைக்கு, 47 ஓம் கம்பிச்சுருள் ரெஸிஸ்டர் வழியே முதலில் மின்சாரத்தை விட்டு, கால் நொடி கழித்து இரண்டாவது ரிலேயால் அதைக் கடக்கச் செய்யும் முறையே உசிதம் என்பது என் அபிப்பிராயம்: உச்சத்தில் மூடினாலும் பாய்வது 7 ஆம்பியருக்குள்தான், உடனே மறுமுறை மூடினாலும் அந்தக் காவல் குறைவதில்லை. செலவு கூடும், இரண்டாவது ரிலே மூடத் தவறினால் ரெஸிஸ்டர் கருகிப் பெட்டிக்குள் நெருப்பு மூளவும் கூடுமாதலால், அதன் உடலோடு ஒட்டி ஒரு வெப்ப ஃபியூஸையும் தொடரில் சேர்த்தே பூட்டவேண்டும்.