பதினைந்தாவது நகர்த்தலில் ஓர் ஆசான்

2025-ஆம் வருஷம் பிப்ரவரி 27-ஆம் தேதி போரிஸ் ஸ்பாஸ்கி மாஸ்கோவில் காலமானபோது நான் படித்த அஞ்சலிகள் பலவும், 1972-இல் ரெய்க்யாவிக் நகரில் பாபி ஃபிஷரிடம் அவர் சதுரங்க உலக சாம்பியன் பட்டத்தை இழந்த கதையையே விஸ்தாரமாகச் சொல்லிச் சென்றனவேயன்றி, அந்தப் பட்டத்தை அவர் எவ்விதம் வென்றார் என்பதையோ, வெல்வதற்கு வேண்டிய நெஞ்சுரத்தை அவருக்குள் விதைத்தவர் யார் என்பதையோ விசாரிக்கவில்லை. விதைத்தவர் அலெக்ஸாண்டர் காஸிமிரோவிச் டோலுஷ். சிஷ்யர் ஸ்பாஸ்கி பட்டத்துக்காக அப்போதைய சாம்பியன் டிக்ரான் பெட்ரோஸியனின் எதிரே மாஸ்கோவில் அமர்ந்தது 1969 ஏப்ரல் 14-ஆம் தேதி. ஆசான் கண்ணை மூடியது அதே வருஷம் மார்ச் 3-ஆம் தேதி. இடையே ஆறே வாரங்கள்.

ஸ்பாஸ்கிக்கு ஆசான்கள் மூவர். யுத்த காலத்தில் லெனின்கிராடை விட்டு வெளியூருக்கு அனுப்பப்பட்டு, யுத்தம் முடிந்தபின் வறுமையோடு ஊர் திரும்பிய அந்தச் சிறுவனைப் பயனியர் மாளிகையில் சேர்த்துக்கொண்டு, சதுரங்கத்தோடு சோற்றையும் சேர்த்தே ஊட்டியவர் விளாடிமிர் ஸாக். காய்களை ஒழுங்காக நிறுத்தவும், சிறு அனுகூலங்களைச் சிந்தாமல் சேர்த்துவைக்கவும், ஆட்ட முடிவுகளைப் பிழையின்றி நடத்தவும் கற்றுக்கொடுத்த புண்ணியம் அவரைச் சேரும். ஆனால், பையனுக்குப் பதினைந்து வயது ஆகும்போது அவனுடைய ஆட்டத்தில் குற்றம் சொல்ல இடமில்லாதிருந்ததே தவிர, கண்டவர் மூச்சைப் பிடித்துக்கொள்ளும்படியான ஓர் ஆவேசம் இல்லை. அந்தக் கட்டத்தில்தான் டோலுஷ் வந்தார்.

1910-இல் பிறந்த டோலுஷ் தாக்குதலுக்கென்றே பிறந்தவர். தம்முடைய தந்தைவழிப் பெயரைத் தாமே கூவி, ‘முன்னேறு, காஸிமிரிச்!’ என்று தம்மைத் தாமே உசுப்பிக்கொண்டு காயை நகர்த்துவது அவருடைய பிரசித்தமான வழக்கம். காயைப் பலி கொடுத்துத் தாக்கும் வித்தையில் அவருக்கிருந்த மோகம் சில வேளைகளில் அவரையே கவிழ்த்தது என்றாலும், அந்த மோகத்தை அவர் கைவிடவில்லை. 1950-இல் சோவியத் சாம்பியன்ஷிப்பில் கெரெஸுக்கு அடுத்த ஸ்தானத்தை வேறிருவருடன் பகிர்ந்துகொண்டவர், 1953-இல் புகாரெஸ்டில் நடந்த சர்வதேசப் பந்தயத்தில் முதல்வராக நின்றார். அதே பந்தயத்தில், பதினாறு வயதுச் சிஷ்யன், முன்னணி ஆட்டக்காரரான ஸ்மிஸ்லோவைத் தோற்கடித்து, நான்கு முதல் ஆறு வரையிலான ஸ்தானத்தைப் பகிர்ந்துகொண்டான். குருவும் சிஷ்யனும் ஒரே பந்தயத்தில், ஒருவர் வெற்றியை மற்றவர் கண்ணால் கண்டு ஆடிய அந்த நாட்கள் ஸ்பாஸ்கியின் வாழ்க்கையில் மிகுந்த பாக்கியமான நாட்கள் என்பது என் அபிப்பிராயம்.

பலி என்பது சதுரங்கத்தில் என்ன என்பதை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். யானைக்கு ஐந்து, குதிரைக்கு மூன்று, சிப்பாய்க்கு ஒன்று என்று மதிப்பிட்டு ஆடுகிற ஆட்டத்தில், எண்ணக்கூடிய ஒன்றைக் கொடுத்து, எண்ண முடியாத வேறொன்றை, அதாவது காலத்தையும், திறந்த பாதையையும், எதிரி ராஜாவின் அமைதிக் குலைவையும் வாங்குவதே பலி. கணக்கு ஓரளவுக்கு மேல் ஓடாது. ஓடாத இடத்தில் ஆடுகிறவன் தன் உள்ளுணர்வை நம்பி அடி எடுத்து வைக்க வேண்டும். இந்த நம்பிக்கையைப் புத்தகத்தால் கற்பிக்க இயலாது. தானே அப்படி வாழ்கிற ஒருவர் அருகில் இருந்தால்தான் அது தொற்றும்.

தொற்றியதற்கு விலையும் உண்டு. 1958-இல் ரிகாவில் சோவியத் சாம்பியன்ஷிப்பின் கடைசிச் சுற்றில், மேலான நிலையில் தள்ளிவைக்கப்பட்ட ஆட்டத்தை மறுநாள் டாலிடம் தோற்று, உலகப் பட்டத்துக்கான படிக்கட்டிலிருந்தே ஸ்பாஸ்கி இறங்க நேர்ந்தது. ஆயினும் 1960-இல் லெனின்கிராடில் ப்ரோன்ஸ்டைனுக்கு எதிராக, ராஜா காம்பிட் என்னும் பழம்பெரும் சாகஸத் தொடக்கத்தைக் கையாண்டு, தன் யானையை எதிரியின் சிப்பாய் வெட்டி ராணியாகப் பதவி உயர்ந்து செக் சொல்வதைக்கூடப் பொருட்படுத்தாமல், 23 நகர்த்தல்களில் அவர் வென்ற ஆட்டத்தைப் பார்க்கிறவர் எவரும் அதில் டோலுஷின் கையெழுத்தைக் காணாதிருக்க முடியாது.

அதன்பின் குருவும் சிஷ்யரும் பிரிந்தனர். 1961 முதல் இகோர் போண்டரெவ்ஸ்கி ஆசானானார். நிதானத்தையும் நெடுநாள் தாங்கும் வலிமையையும் அவர் தந்தார். அவருடைய துணையோடுதான் 1965-இலும் 1968-இலும் போட்டியாளர்களை ஒருவர்பின் ஒருவராக வென்று ஸ்பாஸ்கி இருமுறை பெட்ரோஸியனை எட்டினார். 1966-இல் ஒரே புள்ளி வித்தியாசத்தில் தோல்வி. 1969-இல் கிட்டிய வெற்றிக்குப் போண்டரெவ்ஸ்கியையே காரணராகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அது பாதி உண்மை.

மறுபாதியைப் பத்தொன்பதாவது ஆட்டத்தில் காணலாம். பெட்ரோஸியனைத் தாக்குவது என்பது அக்காலத்தில் எவரும் துணியாத காரியம். ஆபத்து அவர் ராஜாவின் பக்கம் திரும்புவதற்கு முன்பே அதை முகர்ந்து அணைத்துவிடுகிற அபூர்வப் பிரக்ஞை அவருக்கு இருந்தது. வெள்ளைக் காய்களோடு ஆடிய ஸ்பாஸ்கி சிசிலியன் தற்காப்பை எதிர்கொண்டு, தன் ராஜாவை ராணிப் பக்கத்து மூலைக்கு ஒதுக்கிவிட்டு, பதினைந்தாவது நகர்த்தலில் ராஜா பக்கத்துக் குதிரைச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, எதிரியின் குதிரை இலவசமாக வெட்டக்கூடிய இடத்தில் நிறுத்தினார். குதிரை வெட்டியது. உடனே ராணி சிப்பாய் நின்ற அந்த வரிசைக்கு வந்து குதிரையை விரட்ட, யானையும் பின்னால் வந்து நிற்க, மதகு திறந்த ஏரியைப் போல வரிசை முழுவதும் கறுப்பு ராஜாவை நோக்கி ஓடத் தொடங்கிற்று. பிறகு இரண்டாவது யானை பக்கத்து வரிசையைப் பிடிக்கிறது. இருபத்தோராவது நகர்த்தலில் நடுவரிசைச் சிப்பாய் பலியாகிறது. அடுத்ததிலேயே ஒரு குதிரை எதிரியின் சிப்பாய்க்கு இரையாக விடப்பட்டு, மற்றொரு குதிரை பலகையின் நடுவே பாய்கிறது. ராணி எதிரியின் அரணுக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது. இருபத்துநான்காவது நகர்த்தலில் அந்த இரண்டாவது குதிரையும் சிப்பாயின் வாயிலேயே போய் அமர்கிறது. வெட்டாவிட்டால் அடுத்த நகர்த்தலில் மேட் என்ற மிரட்டல். வெட்டினாலோ ராணி கறுப்பின் எஞ்சிய குதிரையைச் செக்கோடு வெட்டிக்கொண்டு உள்ளே வர, மேட்டைத் தவிர்க்க வழியில்லை. பெட்ரோஸியன் ஆட்டத்தைக் கைவிட்டார்.

இதில் நான் வியப்பது கடைசியில் மின்னிய பலிகளை அல்ல. அவை கணக்கிட்டு எட்டக்கூடியவை. பதினைந்தாவது நகர்த்தலில் நின்றிருந்த நிலைமையை அமர்ந்து பாருங்கள். கறுப்புக் காய்கள் நெருக்கத்தில் இருந்தாலும் ஒழுங்காக நிற்கின்றன. அவசரம் ஒன்றும் இல்லை. பட்டத்துக்கான போட்டியில் ஒரு புள்ளி முன்னிலையில் இருக்கிற ஒருவர், காத்திருந்து சிறுகச் சிறுக அழுத்துவதே லௌகீக விவேகம். ஸாக் அதைத்தான் சொல்லியிருப்பார். போண்டரெவ்ஸ்கியும் அதை மறுத்திருக்க மாட்டார். அந்தச் சிப்பாயை அங்கே தள்ளுகிற சுபாவம், பத்து வருஷங்களுக்கு முன் தினந்தோறும் பலகையின் எதிர்ப்பக்கம் அமர்ந்து ‘முன்னேறு’ என்று தமக்கே சொல்லிக்கொண்ட மனிதரிடமிருந்து அன்றி வேறெங்கிருந்தும் வந்திருக்க நியாயமில்லை.

பதினேழு, பத்தொன்பது, இருபத்தொன்று ஆகிய மூன்று ஆட்டங்களிலும் வென்று, ஜூன் 17-ஆம் தேதி 12½–10½ என்ற கணக்கில் ஸ்பாஸ்கி உலக சாம்பியனானார். ஸாக் நட்டதையும் போண்டரெவ்ஸ்கி காத்ததையும் எழுதுகிற சரித்திரகாரர்கள், டோலுஷை ‘இடைக்காலத்துப் பயிற்சியாளர்’ என்ற ஒரு வரியோடு கடந்துபோவதை இனியேனும் நிறுத்த வேண்டும். 1969-ஆம் வருஷத்துப் பட்டத்தில் அவருக்குரிய பங்கு, அதைக் காண உயிரோடிருக்கக் கொடுத்துவைக்காத காரணத்தால் ஒரு துளியும் குறைந்துவிடாது.