மரணத்துக்கு முந்திய மௌனம்: இலங்கையிலும் இந்தியாவிலும் நோய்த்தணிப்புப் பராமரிப்பு

தீராத நோயினால் வரும் வலியையும் மூச்சுத்திணறலையும் மனக்கலக்கத்தையும் தணித்து, நோயாளிக்கும் அவரைத் தாங்கும் குடும்பத்துக்கும் துணைநிற்கும் மருத்துவமே நோய்த்தணிப்புப் பராமரிப்பு ஆகும். நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்தே ஏனைய சிகிச்சையோடு சேர்த்து இதனை வழங்கலாம் என்றபோதும், மருத்துவர் கைவிட்ட பின்பே இது தரப்படுகிறது என்னும் எண்ணம் இலங்கையிலும் இந்தியாவிலும் வேரூன்றியிருப்பதால், பலர் கடைசி வாரங்களிலேயே இதனை வந்தடைகின்றனர்.

இரு நாடுகளிலும் மருத்துவர் உண்மை நிலையை மகனிடமோ மகளிடமோ கூறுவதும், அவர்கள் அதனை நோயாளியிடம் மறைப்பதும் வழக்கம். அன்பினால் செய்யப்படும் இம்மறைப்பு, தன் நிலையை ஏற்கெனவே உணர்ந்துவிட்ட நோயாளியைத் தனிமையில் விட்டுவிடுகிறது. கடன், பிள்ளைகளின் எதிர்காலம், வீட்டிலேயே உயிர்விட வேண்டும் என்னும் விருப்பம் ஆகியவற்றைப் பேசும் காலமும் கைநழுவிப் போகிறது. பௌத்தம் மரணத்தை இடையறாது நினைந்து தியானிக்கக் கற்பிக்கிறது. யாழ்ப்பாணத்துச் சைவச் சாவீடுகளில் திருவாசகத்துத் திருப்பொற்சுண்ணம் பாடப்படுகிறது. ஆயினும் மரணத்தைப் பொதுவாகப் பேசும் இச்சமயமொழி, படுக்கையில் கிடக்கும் இன்னாருடைய மரணத்தை அவரோடு பேசுவதற்குப் போதவில்லை.

இந்தியாவில் இம்மௌனத்தோடு சட்டமும் சேர்ந்துகொண்டது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கடும் தண்டனைகளுக்கு அஞ்சி மருத்துவமனைகள் பல, அபினிலிருந்து பெறப்படும் வலிநீக்கியான மார்ஃபினை வைத்திருப்பதையே தவிர்த்தன; மருந்துக்கான அபினைச் சட்டபூர்வமாக விளைவித்து ஏற்றுமதி செய்யும் நாட்டிலேயே புற்றுநோயாளர் வலியில் துடித்தமை பெருங்கொடுமை. 2014இல் வந்த திருத்தம் உரிம நடைமுறையை எளிதாக்கியது. எனினும் கேரளம் அதற்கு முன்பே வேறு வழியைக் கண்டிருந்தது. 1993இல் எம். ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் முதலியோர் கோழிக்கோட்டில் தொடங்கிய பணி, பின்னர் மலப்புறம் முதலிய இடங்களில் அயலாரின் சிறு நன்கொடைகளால் நடக்கும் தொண்டர் வலையமைப்பாக விரிந்தது. 2008இல் மாநில அரசு இதற்கெனக் கொள்கை வகுத்தது. பயிற்சி பெற்ற அயலவர் மீண்டும் மீண்டும் வீட்டுக்கு வந்து அமர்வதால், மருத்துவரிடம் கேட்கத் துணியாத கேள்வியை நோயாளி அந்த அயலவரிடம் கேட்கிறார். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டமும் இப்பராமரிப்பை வீட்டுக்குக் கொண்டுசெல்கிறது; ஆனால் அது அரசின் பணியாளர் வழி நடப்பது.

இலங்கையில் இப்பராமரிப்பு, மகரகமை அபேக்ஷா மருத்துவமனை, தெல்லிப்பழைப் புற்றுநோய்ப் பிரிவு போன்ற இலவச அரச நிலையங்களையே பெரிதும் சார்ந்து வளர்ந்தது. 2019 முதல் 2023 வரைக்குமான தேசிய மூலோபாயச் சட்டகம் அதனைச் சமூக மட்டத்துக்கும் விரிக்க முனைந்தது. அயலாரின் வலையமைப்பு இங்கு இல்லாத ஒன்றன்று. மாதச்சந்தா திரட்டி, பந்தலும் நாற்காலியும் பெட்டிச்செலவும் தந்து, இரவுமுழுதும் சாவீட்டில் விழித்திருக்கும் மரண உதவிச் சங்கங்கள் ஊர்தோறும் உள்ளன. அவற்றின் பணி உயிர் பிரிந்த பின்னரே தொடங்குகிறது என்பதே கேரளத்திலிருந்து இலங்கையைப் பிரிக்கும் மெய்யான வேறுபாடு. பராமரிப்பவர் ஓரிரவு உறங்குவதற்காக நோயாளியருகே இருப்பதற்கும், கிளினிக்கிலிருந்து மாத்திரை வாங்கிவருவதற்கும் இச்சங்கத்தாருக்குச் சிறு பயிற்சியே போதும்; தாதியர் அவர்களோடு சேர்ந்து வீட்டுக்குச் செல்வாராயின், நோயாளியோடு பேசவேண்டியதைக் குடும்பம் மட்டும் தனித்துச் சுமக்க நேராது.