விண்டோஸ் 11-இல் பேஜ்மேக்கர் ஓடுமா?

மதுரையில் டி.டி.பி கடை வைத்திருப்பவர்களிடம் விண்டோஸ் 11 என்று பேச்செடுத்தாலே முதல் கேள்வி இதுதான்: "பேஜ்மேக்கர் ஓடுமா?" காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, பங்காளிகள் பெயரை வரிசையாக அடுக்கிய பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ் எனப் பல வருடத்துக் கோப்புகள் அதில்தான் கிடக்கின்றன. அடோபி 2001-இல் வெளியிட்ட பேஜ்மேக்கர் 7-க்குப் பிறகு புதிய பெரிய பதிப்பு எதுவும் வரவில்லை. மாசி வீதிகளின் அச்சகங்களில் அதற்கு இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை.

ஓடுகிறது. ஆனால் அதைச் சுற்றியிருக்கும் சாமான்கள்தான் தகராறு செய்கின்றன.

சோதனைக்கு எடுத்தது எட்டாம் தலைமுறை ஐ5 செயலி, 8 ஜிபி ராம், எஸ்.எஸ்.டி உள்ள சாதாரணக் கடை சிஸ்டம். ஃபார்மட் போடாமல் விண்டோஸ் 10-இன் மேலேயே 11-ஐ ஏற்றிப் பார்த்தேன். இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருப்பதை மைக்ரோசாஃப்ட் பொதுவாக ஏற்பதில்லை, டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். ரூஃபஸ் என்ற கருவி கொண்டு இந்தச் சோதனையைத் தாண்டி ஏற்றித் தரும் சர்வீஸ் கடைகள் உண்டு. அப்படி ஏற்றியதற்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. பாதுகாப்புக்காக மாறுகிறோம் என்றால் இந்தக் குறுக்கு வழியில் அர்த்தமே இல்லை.

விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பு கிடையாது. 32 பிட் மென்பொருளான பேஜ்மேக்கருக்கு இதனால் பாதிப்பில்லை. டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோவில் எழுதிய பில்லிங்கும் கணக்கும் இதுவரை 32 பிட் விண்டோஸ் 10-இல் ஒட்டிக்கொண்டிருந்தன; அவற்றின் கதை இங்கே முடிகிறது. மென்பொருள் 32 பிட்டாக இருந்தும் அதை நிறுவும் செட்டப் 16 பிட்டாக இருப்பதும் உண்டு. சிடியைப் போட்டதும் 'இந்தக் கணினியில் இயங்காது' என்று வந்தால் பெரும்பாலும் காரணம் அதுதான்.

எழுத்துருக்கள் பத்திரமாக வந்து சேர்ந்தன. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை விண்டோஸ் ஆங்கில எழுத்தாகவே நினைத்துக்கொள்வதால் அவற்றில் சண்டை இல்லை. கவனிக்க வேண்டியது லதா. விண்டோஸ் 10 காலத்திலிருந்தே அது தமிழ் துணை எழுத்துருத் தொகுப்பில் தள்ளப்பட்டு, கேட்டால்தான் வரும் விருந்தாளியாகிவிட்டது. ஃபார்மட் போட்ட சிஸ்டத்தில் லதாவில் அடித்த பழைய வேர்டு கோப்பைத் திறந்தால் அதன் இடத்தில் நிர்மலா எழுத்துரு வந்து உட்கார்ந்து வரி, பக்கம் எல்லாம் நகர்ந்துவிடும். அமைப்புகளில் 'விருப்ப அம்சங்கள்' பகுதிக்குப் போய் அந்தத் தொகுப்பை இறக்கிக்கொள்ள வேண்டும். டைப் 1 எழுத்துரு வைத்திருப்பவர்களுக்கு வேறு சிக்கல்: 2023 ஜனவரியோடு அடோபி தன் புதிய மென்பொருள்களில் அதற்கான ஆதரவை விலக்கிக்கொண்டது. இந்தப் பழியை விண்டோஸ் தலையில் போட முடியாது.

இனி அதிகம் படுத்திய விஷயம். பழைய மென்பொருள் முரண்டு பிடித்தால் நம் ஊர் சர்வீஸ் பையன்கள் செய்யும் முதல் வைத்தியம், ஐகானை ரைட் கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' போடுவது. நிரந்தரமாக டிக் அடித்துவிட்டும் போவார்கள். பேஜ்மேக்கருக்கு அதைச் செய்து பார்த்தேன். தட்டச்சுக் கருவியான என்.எச்.எம் ரைட்டரில் தமிழ் தேர்ந்திருந்தும் திரையில் ஆங்கிலம் விழுந்தது. சர்வர் டிரைவான இசட் காணோம். கோப்பை இழுத்து வந்து போட்டால் ஏற்கவில்லை.

மூன்றுக்கும் காரணம் ஒன்றே. 2007-இல் விஸ்டா வந்ததிலிருந்து விண்டோஸ், நிர்வாகி உரிமையில் ஓடும் மென்பொருளைத் தனிச் சுவருக்குள் வைக்கிறது. கீழ் உரிமையில் ஓடும் எதுவும் அந்தச் சுவரைத் தாண்டி விசையைத் தொட முடியாது. என்.எச்.எம் போன்ற தட்டச்சுக் கருவிகள் நாம் அழுத்தும் விசையை நடுவில் மறித்துத் தமிழாக்குகின்றன. கடவுச்சொல் திருடும் நச்சுநிரல் பயன்படுத்துவதும் இதே வழிதான். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றுதான். சாதாரண உரிமையில் இணைத்த நெட்வொர்க் டிரைவும் அந்தச் சுவருக்குள் தெரியாது. டிக்கை எடுத்தேன், மூன்றும் சரியாயின. மென்பொருள் தன் ஃபோல்டரிலேயே எதையாவது எழுத முயன்று தடைபட்டால், அந்த ஃபோல்டருக்கு மட்டும் எழுதும் அனுமதி கொடுங்கள்.

விண்டோஸோடு வரும் தமிழ் 99 விசைப்பலகை இருக்க வெளிக் கருவி எதற்கு என்று கேட்கலாம். 2019 மே மாத விண்டோஸ் 10 பதிப்பிலேயே வந்துவிட்டது, நன்றாகவும் இருக்கிறது. ஆனால் அது தருவது யூனிகோடு. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. 2010 ஜூனில் யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் தமிழக அரசு எழுத்துக் குறியீட்டுத் தரமாக அறிவித்த பிறகும் பத்திரிகை அடிக்கும் கடைகள் பாமினியைக் கட்டிக்கொண்டிருப்பதற்கு இந்த மென்பொருளும் ஒரு காரணம்.

பிடிஎஃப் எடுப்பதிலும் ஒரு சுற்று உண்டு. பேஜ்மேக்கரோடு வந்த பழைய அடோபி பிரிண்டர் டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஏறாது. விண்டோஸிலேயே இருக்கும் பொதுவான போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவரைச் சேர்த்து, கோப்பாக அச்சிட்டு, அதை கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருள் வழியே மாற்றினால் சிவகாசி ஆஃப்செட்டுக்கு அனுப்பும் தரத்தில் பிடிஎஃப் கிடைக்கிறது.

கடைக்குள் நெட்வொர்க் இருந்தால் 2024 அக்டோபரில் வந்த 24எச்2 பதிப்பில் உஷாராக இருங்கள். அதன் புரோ பதிப்பு, கடவுச்சொல் இல்லாமல் 'கெஸ்ட்' ஆகத் திறந்து கிடக்கும் ஷேர் ஃபோல்டருக்குள் போக மறுக்கிறது. பின்னறை விண்டோஸ் 7 சிஸ்டத்தில் 'எவ்ரிஒன்' என்று திறந்துவிட்டிருந்தால் ஒரு யூசரும் கடவுச்சொல்லும் உருவாக்கினால் போதும். எக்ஸ்பி என்றால் விட்டுவிடுங்கள். அதற்குத் தெரிந்த பழைய எஸ்.எம்.பி 1 வழியில்தான் 2017 மே மாதம் வான்னாக்ரை நச்சுநிரல் உலகைச் சுற்றியது.

பொதுப் பிரிண்டரை இணைக்கும்போது '11பி' என்று முடியும் பிழை எண்ணைப் பார்க்காத கடைக்காரர் குறைவு. 2021-இல் வெளிப்பட்ட பிரிண்ட்நைட்மேர் ஓட்டையை அடுத்து பிரிண்டர் விதிகளை மைக்ரோசாஃப்ட் இறுக்கியது. இந்த எண் அந்த ஆண்டு செப்டம்பர் அப்டேட்டிலிருந்து நம்மோடு இருக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைப் பூஜ்யமாக்கினால் மறைந்துவிடும், அந்த அப்டேட் அடைத்த ஓட்டையும் திறந்துவிடும். கேபிள் வசதி இருந்தால் பிரிண்டரை நேராக ரவுட்டரில் மாட்டி, ஒவ்வொரு சிஸ்டத்திலும் தனியாக நிறுவுவதே மேல்.

எழுத்துருத் தொகுப்புக்கு உரிமப் பூட்டாக வந்த பழைய டாங்கிளும் சோதனைக்கு வந்தது. 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற பாதுகாப்பை இயக்கப் போனால், அதன் டிரைவர் பொருந்தாது என்று விண்டோஸ் பட்டியல் போட்டுக் காட்டியது. டாங்கிள் வேண்டுமா, பாதுகாப்பு வேண்டுமா? ஜி.எஸ்.டி கணக்கும் வங்கிக் கணக்கும் திறக்கும் சிஸ்டம் என்றால் டாங்கிளைக் கழற்றுங்கள் என்பேன்.

உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் விசேஷ வீடுகளில் லேப்டாப் வைத்து மொய் எழுதுகிறார்கள். உள்ளூர்ப் புரோகிராமர்கள் எழுதிய மென்பொருள். டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ் எல்லாம் யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. வாட்ஸ்அப்பில் வந்த செட்டப்பைத் திறந்தால் ஸ்மார்ட்ஸ்கிரீன் நீலப் பெட்டியோடு மறிக்கிறது. அதே செட்டப் எஃப்.ஏ.டி 32 பென்டிரைவில் வந்தால் பேசாமல் விடுகிறது. இணையத்திலிருந்து வந்தது என்ற முத்திரை அந்த வகை பென்டிரைவில் ஒட்டாது என்பதே ரகசியம். இந்தத் தடுப்பு, கோப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் யார் கையொப்பமிட்டார்கள் என்பதையும் வைத்தே பெரும்பாலும் பேசுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்கு முழுதாகத் தெரியாது. எழுதியவரை நேரில் தெரிந்தால் மட்டும் 'மேலும் தகவல்' அழுத்தி இயக்குங்கள்.

ஃபார்மட் போட்டு 24எச்2 ஏற்றுபவர்களுக்கு ஒன்று. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைத்தால் டிரைவ் தானாகவே பூட்டப்படுகிறது; மதர்போர்டு மாற்றினால் 48 இலக்கச் சாவி கேட்கும். சர்வீஸ் பையன் அவசரத்துக்குத் தன் ஈமெயிலைப் போட்டு அமைத்திருந்தால் சாவி அவர் கணக்கில் கிடக்கும். அவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டால் நீங்களும் பின்னாலேயே போக வேண்டியதுதான்.

என் கணக்கு இது: பில், மெயில், வங்கி பார்க்கும் முன்மேசை சிஸ்டத்துக்கு விண்டோஸ் 11 தாராளமாகப் போடலாம். டாங்கிளும் பழைய பிரிண்டரும் கோத்த லேஅவுட் சிஸ்டத்தை இன்டர்நெட் வயரைக் கழற்றிவிட்டு அப்படியே ஓட்டலாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்த வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் உண்டு. ஃபார்மட் போடாமல் ஏற்றிய பிறகு பழையதற்குத் திரும்ப விண்டோஸ் தருவது 10 நாள்தான். ஆகவே ஆடியில் ஏற்றுங்கள். கல்யாணப் பத்திரிகை வேலை இருக்காது, முளைப்பாரி நோட்டீஸ் மட்டும் வரும். அந்தப் பத்து நாளுக்குள் ஒரு நோட்டீஸையாவது தட்டச்சிலிருந்து பிளேட் வரை முழுதாக ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.