உரிமம் இல்லாதவரிடம் எதைப் பறிப்பது?

மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவு இன்றும் பேசப்படுகிறது. பேசப்பட வேண்டியதுதான். தன்பாலீர்ப்பு பற்றித் தனக்கிருந்த முன்முடிவுகளைக் களைய நீதிபதியே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்தார். அதை மறைக்காமல் எழுதியும் வைத்தார். பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ ‘மாற்றும்’ சிகிச்சையைத் தடுத்தார். செய்பவரின் உரிமத்தை ரத்துசெய்யலாம் என்றார். மறு ஆண்டே தேசிய மருத்துவ ஆணையம் அந்தச் சிகிச்சையைத் தொழில் ஒழுக்கக்கேடு என அறிவித்தது.

ஆனால் மகனையோ மகளையோ ‘சரிசெய்ய’ நினைக்கும் குடும்பம் முதலில் ஏறுவது யார் வீட்டுப் படி? பல வீடுகளில் சாமியாரோ போதகரோதான் முதலில். அடுத்து, தெரிந்தவர் சொன்ன ‘கவுன்சலர்’. மனநல மருத்துவர் கடைசியில்தான். ஆணையத்தின் கை மருத்துவரோடு நின்றுவிடுகிறது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவர்; அவரையாவது கேள்வி கேட்கலாம். சில மாதப் படிப்போடு பலகை மாட்டியவரிடம் பறிப்பதற்கு உரிமம் என்ற ஒன்றே கிடையாது. துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டம் ஆலோசகர்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. பதிவேடு இல்லாமல் வரம்பு மட்டும் என்ன செய்யும்?

மருத்துவத் துறைக்குள்ளும் மாற்றம் ஆழமாக இறங்கவில்லை. 2024 ஆகஸ்ட் இறுதியில் வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்ட வழிகாட்டுதலில் பெண் தன்பாலீர்ப்பு மறுபடி ‘இயற்கைக்கு மாறான’ குற்றங்களின் வரிசைக்கு வந்துவிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த வாரமே திரும்பப் பெற்றார்கள். தடை போட்ட அதே ஆணையத்தின் ஆவணம் அது! சுற்றறிக்கை அனுப்பத் தெரிந்த நிறுவனத்துக்குக் கற்கத் தெரியவில்லை.

தண்டிப்பதற்கு மறுபக்கம், பயிற்றுவிப்பது. மும்பையின் மாரிவாலா ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற மனநல அமைப்பு 2019 முதல் சிகிச்சையாளர்களுக்கு நடத்தும் பயிற்சியில் குயர் (பால்புதுமையர்) சிகிச்சையாளர்களே ஆசிரியர்கள். அந்த ஏற்பாட்டின் மதிப்பு பாடத்தைவிடப் பெரியது என்பேன். ஊரில் வெளிப்படையாக இருக்கும் குயர் சிகிச்சையாளர் ஒரே ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் அழுதுவிட்டுப் போனவரை மாலையில் பிரைடு கூட்டத்தில் பார்க்க நேரும். அவருடைய முன்னாள் காதலர் சிகிச்சையாளருக்கு நண்பராக இருப்பார். பாடநூல் சொல்லும் ‘இரட்டை உறவைத் தவிர்’ என்ற விதி அங்கே செல்லாது. ரகசியம் காத்தபடி யோசித்துப் பார்க்க அதே நிலையில் இருக்கும் சக சிகிச்சையாளர்கள் வேண்டும். வந்தவரின் காயம் தன் காயத்தைத் தொடும்போது, சிகிச்சையாளருக்கும் ஒரு மேற்பார்வையாளர் வேண்டும்.

நல்ல சிகிச்சையாளருக்கு எவரும் ஒன்றுதானே, குயர் சிகிச்சையாளர்களுக்கென இப்படியொரு தனி வலையமைப்பு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பாதி உண்மை. குயராக இருப்பதே தகுதியாகிவிடாது. சாதியும் வர்க்கமும் அந்த அறைக்குள்ளும் வரும். ஆனால் ‘எவரும் ஒன்றுதான்’ என்ற நடுநிலை, வந்தவரையே தன்னைப் பற்றி வகுப்பெடுக்க வைக்கிறது. கட்டணத்தைக் கட்டிவிட்டுப் பாடமும் நடத்த வேண்டியிருக்கிறது அவருக்கு.

ஆகவே என் முடிவு: தடை சரி, அவசியம், ஆனால் அது பாதி வேலைதான். வலையமைப்புதான் மறுபாதி. அதை நன்கொடையாலும் தன்னார்வலர்களின் மாலை நேரத்தாலும் ஓட்டிக்கொண்டிருப்பது அரசின் தவறு. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, பாலீர்ப்பைக் காட்டிப் பாகுபாடு செய்யக்கூடாது என்று அரசைக் கட்டுப்படுத்துகிறது. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது, 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது. அந்த அழைப்பை எடுப்பவருக்குத் தமிழில் பயிற்சியையும், பயிற்சி தரும் குயர் சிகிச்சையாளருக்குச் சம்பளத்தையும் திட்டச் செலவில் சேர்ப்பதற்கு இன்னொரு தீர்ப்பு தேவையில்லை. ஓர் அரசாணை போதும்.