சுட்டும் காட்சியும்: எட்வர்ட் மரோவின் தொலைக்காட்சி மொழி

தொலைக்காட்சியின் தொடக்கக் கால ஒலிபரப்பாளருள் அமெரிக்கரான எட்வர்ட் ஆர். மரோ (1908–1965) தலையாய இடம் பெறுபவர். அவரது துணிவு பலராலும் போற்றப்பெற்றுள்ளது. வானொலிக்கெனப் பண்பட்ட அவர்தம் மொழி, காட்சி ஊடகத்தினுள் புகுந்தபோது எத்தகைய மாற்றத்தை அடைந்தது என்பதே இங்கு நோக்கப்பெறுகிறது. அம்மாற்றம் முழு வெற்றி அன்று என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

இரண்டாம் உலகப் போரின்போது சி.பி.எஸ். நிறுவனத்திற்காக இலண்டனிலிருந்து பேசிய மரோ, ‘இது இலண்டன்’ எனப் பொருள்படும் தொடரால் தம் உரையைத் தொடங்குவார். அத்தொடரில் சுட்டுப்பெயருக்குப் பின் ஒரு சிறு நிறுத்தம் உண்டு. அவருக்குப் பேச்சுக்கலை பயிற்றிய ஆசிரியை ஐடா லூ ஆண்டர்சன் கூறிய திருத்தம் அது. அண்மைச் சுட்டு, பேசுவோனும் கேட்போனும் ஒரே பொருளைக் காணும் சூழலுக்கு உரியது. கடலுக்கு அப்பால் இருந்த கேட்போர்க்குக் காண ஒன்றுமில்லை; சுட்டப்பட்ட பொருளைச் சொல்லும் ஒலியுமே படைத்துத் தரவேண்டியிருந்தது. 1940 ஆகஸ்டு 24 அன்று டிரபால்கர் சதுக்கத்தில் ஒலிவாங்கியை நிலத்தருகே தாழ்த்தி, பதுங்கிடம் நோக்கி நடந்தோரின் காலடி ஓசையைக் கேட்கச் செய்தார். அவர்கள் ஓடவில்லை என்பதை ஓசையே உணர்த்திற்று. அஞ்சாமை என்னும் சொல் அங்குத் தேவைப்படவில்லை.

1951 நவம்பர் 18 அன்று பிரெட் பிரண்ட்லியுடன் இணைந்து மரோ தொடங்கிய ‘சீ இட் நவ்’ நிகழ்ச்சியின் பெயரே ‘காண்க’ என்னும் ஏவல்தான். முதல் நிகழ்ச்சியில் அட்லாண்டிக், பசிபிக் ஆகிய இரு பெருங்கடற் கரைகளும் இரு திரைகளில் ஒருசேரக் காட்டப்பெற்றன. சுட்டுக்குரிய பொருள் கண்முன் வந்துவிட்டது. அணிசெய்த அரங்கை விடுத்து, கட்டுப்பாட்டு அறையிலேயே அவர் அமர்ந்ததும் கருதத்தக்கது. திரைகளைச் சுட்டிக் காட்டுவதே அங்கு அவர் தொழில்.

1954 மார்ச் 9 அன்று ஒளிபரப்பான, செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி பற்றிய நிகழ்ச்சி இம்முறையின் உச்சம் எனப்படுகிறது. பொதுவுடைமையர் எனப் பலரையும் தக்க சான்றின்றிக் குற்றஞ்சாட்டி வந்தவர் மெக்கார்த்தி. அவர் பேச்சுகளையே படத்துண்டுகளாக அடுக்கி, அவற்றின் இடையிடையே உண்மை நிலையை மரோ எடுத்துரைத்தார். ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்திலிருந்து மெக்கார்த்தி ஓர் அடியை எடுத்தாண்டிருந்தார். அதே காட்சியில் சற்று முன்னர் வரும் கூற்றையே மரோ அவருக்கு எதிராக எடுத்துக் காட்டினார். பிறர் மேற்கோளை அதன் இடத்திலேயே வைத்துத் திருப்பும் இவ்வுத்தி நம் உரையாசிரியர்தம் மறுப்பு முறையை நினைவூட்டும். சொல்லளவில் இதில் குறை காண இயலாது. குறை படத்தில் உள்ளது. மெக்கார்த்தியின் அடங்காத சிரிப்பும் நயமற்ற மெய்யசைவும் எந்தக் குற்றத்துக்கும் சான்றல்ல. நகைக்குரிய களன்களுள் எள்ளலை முதலில் வைக்கிறது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல். இங்குப் பார்வையாளரிடம் எழுப்பப்பெறுவது அவ்வெள்ளலே. மரோவின் நிதானமான சொல் எள்ளவில்லை. அவ்வேலையைப் படத்தொகுப்பு செய்தது. மெக்கார்த்தியை ஏற்காத திறனாய்வாளர் கில்பர்ட் செல்டஸ்கூட இத்தொகுப்பு முறையை அப்போது கண்டித்ததை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மறுமொழி கூற மெக்கார்த்திக்கு ஏப்ரல் 6 அன்று நேரம் தரப்பட்டது உண்மையே. ஆயினும் படத்தொகுப்புக்குப் பேச்சு மறுமொழி ஆகாது.

ஒரு வாரத்திற்குப் பின், மார்ச் 16 அன்று வந்த நிகழ்ச்சியே மேலானது. இராணுவத் துறையின் எளிய ஊழியரான கறுப்பினப் பெண்மணி ஆனி லீ மோஸ் விசாரிக்கப்படும் காட்சியை, மரோ பெரும்பாலும் குறுக்கிடாமல் ஓடவிட்டார். இடையே மெக்கார்த்தி எழுந்து சென்றுவிடுகிறார். படக்கருவி அவர்தம் வெற்று இருக்கையைக் காட்டுகிறது. இலண்டன் காலடி ஓசைக்கு ஈடாகக் காட்சி ஊடகத்தில் மரோ குழுவினர் கண்ட சுட்டு இதுவே. இங்கும் ஒரு தடை எழலாம். அப்பெண்மணியின் பெயரும் முகவரியும் பொதுவுடைமைக் கட்சிப் பதிவேடுகளில் இருந்தன என 1958இல் அரசு வாரியமொன்று அறிவித்தது. ஆயின் வெற்று இருக்கை அவர் குற்றமற்றவர் எனச் சொல்லவில்லை. முன்னிலைப்படுத்தப்படாதார் கூற்றைக் கொண்டு, குற்றஞ்சாட்டியவரே இல்லாத அவையில் ஒருவரை விசாரிக்கலாமா என்றே வினவிற்று. அவ்வினா பின்னைய செய்தியால் கெடவில்லை.

1958 அக்டோபரில் தொடங்கிய ‘ஸ்மால் வேர்ல்டு’ நிகழ்ச்சியில் மரோ மீண்டும் பேச்சையே முதன்மையாக்கினார். முதல் நிகழ்ச்சியில் தில்லியிலிருந்து நேருவும், இத்தாலியின் டூரினிலிருந்து ஆல்டஸ் ஹக்ஸ்லியும், அமெரிக்காவின் போர்ட்லந்திலிருந்து தாமஸ் டியூயியும் உரையாடினர். ஒலி தொலைத்தொடர்பு வழியே அவர்களை இணைத்தது. படம் அவரவர் இடத்தில் தனித்தனியே எடுக்கப்பெற்றுப் பின்னர்த் தொகுக்கப்பெற்றது. அவ்வுரையாடல் நிகழ்ந்தபோது அதனை ஒளிபரப்ப நேருவின் நாட்டில் நிலையம் ஏதும் இல்லை. தில்லியில் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது 1959 செப்டம்பர் 15 அன்றுதான். அதுவும் 1976 ஏப்ரல் 1 வரை அகில இந்திய வானொலியின் ஒரு பகுதியாகவே இயங்கிற்று. நம் செய்தி வாசிப்பில் வானொலி நடை நெடுநாள் நிலைத்ததற்கு இதனையும் ஒரு காரணம் எனலாம்.