ஹைன்கெல் மூக்குக்கு எந்த மாஸ்க்?

விமான மாடலில் வேறெங்கு பிசகினாலும் புட்டி வைத்துத் தேய்த்துவிடலாம். காக்பிட் கண்ணாடியில் அந்தச் சலுகை கிடையாது. அதனால் பெயின்ட் படாமல் கண்ணாடியை மறைக்கும் மாஸ்க் முறைகளை எடைபோட, இருப்பதிலேயே கடினமான கண்ணாடியை எடுத்துக்கொள்வதுதான் நியாயம்: ஜெர்மானிய குண்டுவீச்சு விமானமான ஹைன்கெல் 111. பி வரிசையிலிருந்து அதன் மூக்கு முழுவதுமே ஒரே கண்ணாடிக் கூடு. விமானியின் பார்வை மறையாதிருக்க முனைத் துப்பாக்கியை வலப்பக்கம் ஒதுக்கிவிட்டார்கள். ஆகவே இடப்பாதிக்கு வெட்டியது வலப்பாதிக்குப் பொருந்தாது. கண்ணாடிக் கட்டங்களைப் பிரிக்கும் 36 மி.மீ. அகலமுள்ள சட்டம் 1/72 அளவில் வெறும் அரை மி.மீ.

திரவ மாஸ்க் இங்கே முதலில் தோற்கிறது. தூரிகையால் தடவியதும் ஓரத்தில் திரண்டு நிற்கும், அல்லது உள்வாங்கும். காய்ந்தபின் பிளேடால் ஓரம் வெட்டப் போனால் ரப்பர் போல இழுபட்டுக் கிழியும். ஓரத்துக்கு ஆகாது, நடுப்பகுதியை நிரப்ப அதைவிட நல்லதில்லை.

டாமியாவின் மஞ்சள் டேப்பை ஒட்டி, பல்குச்சியால் அழுத்தி, சட்டத்தின் மேடு தெரிந்ததும் புதிய பிளேடால் வெட்டுவது பழைய வழி. கோடு எங்கே விழவேண்டும் என்பதை அச்சே சொல்கிறது என்பது இதன் பெரும் பலம். மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஈ-4 போல் தட்டையான கண்ணாடிகள் என்றால், டேப்பை முன்பே மெல்லிய பட்டைகளாக நறுக்கி ஓரங்களில் வைத்தால் போதும். பிளேடு பிளாஸ்டிக்கைத் தொடவே வேண்டாம். ஹைன்கெலின் வளைவிலோ டேப் சுருங்கி மடிகிறது. கட்டங்களும் ஏராளம்; கை சலிக்கும் நேரத்தில் பிளேடு ஒருமுறை வழுக்கினால் கீறல் சட்டத்தின் மூலையில் விழும், அங்கே பாலிஷ் துணி நுழையாது.

செக் நாட்டு எட்வர்ட் நிறுவனம் வெட்டியே தரும் மாஸ்க்குகள் இந்த அலுப்பை நீக்குகின்றன. வளைந்த கட்டங்களுக்கு ஓரப்பட்டை மட்டும் தந்து, நடுவைத் திரவத்தால் நிரப்பச் சொல்வது புத்திசாலித்தனம். குறையும் உண்டு. ஒரு குறிப்பிட்ட கிட்டுக்காக வெட்டியது இன்னொரு நிறுவனத்தின் கிட்டில் சரியாக உட்காராது. மாஸ்க் மயிரிழை சிறிதானாலும் சட்டம் தடித்துவிடும், அரை மி.மீ. சட்டத்தில் அது பளிச்சென்று தெரியும்.

மாஸ்க்குக்குக் கிடைக்கும் பாராட்டில் பாதி உண்மையில் பெயின்ட் அடிக்கும் முறைக்குச் சேரவேண்டியது. முதலில் மெல்லிய கிளியர் கோட் அடித்தால், கசிவது எதுவானாலும் நிறமற்றதாகவே கசியும். அடுத்து உட்புற நிறம், அதன்மேல் வெளிநிறம். கண்ணாடி வழியே பார்த்தால் சட்டத்தின் உட்பக்கமும் சரியாகத் தெரியும். இதைத் தவறவிட்டவருக்கு எந்த மாஸ்க்கும் உதவாது.

ஹைன்கெல் மூக்குக்கு, சொந்த கிட்டுக்கென்றே வெட்டிய மாஸ்க், நடுவில் திரவம்: இதில் எனக்குச் சந்தேகமில்லை. 109-க்கு அதை வாங்குவது வீண்செலவு. ஹைன்கெலிலேயே பின்னுடலின் தட்டையான பக்க ஜன்னல்களை டேப்பும் பிளேடும் கொண்டு கையால் மறைப்பதே மேல்.